மலைக்கு யார் வரி கட்டுவது?

கழுகுமலை ஒற்றைக் கற்குன்று. கோவிற்பட்டிக் கரிசல்வெளியின் நடுவே, மண்போர்வையின்றி, வெறும் பாறையாய் எழுந்து நிற்பது. பாண்டியர் காலத்துக் கற்றச்சர் அதனை மேலிருந்து கீழாகக் குடைந்து வேட்டுவன் கோயிலை உருவாக்கினர். அமணர் அதன் பாறைமுகத்தில் தம் அருகர் உருவங்களைச் சாரை சாரையாகச் செதுக்கினர். ஆயிரத்து இருநூறு ஆண்டுக் கோடையும் மழையும் அவ் வேலைப்பாட்டைக் குலைக்கவில்லை. ஆகலின், மலைச்சரிவு, மண்சரிவு என்று கழுகுமலையாரிடம் பேச்செடுப்பவரை, "அது நீலமலையார் கவலை, கரிசற்காட்டானுக்கு அதிலே என்ன வேலை?" என்று கேட்டு வாயடைத்துவிடலாம். கேட்பதில் தவறும் இல்லை, கயத்தாற்றை மறந்துவிட்டால்.

கயத்தாறு, கழுகுமலைக்குத் தென்கிழக்கே, கட்டபொம்மனை வெள்ளையர் 1799-இல் தூக்கிலிட்ட ஊர். அவ்வூர்ப் பாரதி நகரில் 2020 ஆகத்துத் திங்களில் ஒப்பாரி எழுந்தது. மாண்டவர்களோ அங்கு மாளவில்லை. நெடுந்தொலைவில், மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில், ஆகத்து 6-ஆம் நாள் இரவு, பெருமழையில் மலை சரிந்து, தேயிலைத் தொழிலாளர் குடியிருந்த இலயங்கள் மண்ணுள் புதைந்தன. உயிரிழந்தோர் எழுபதின்மர். அவருள் பெரும்பாலோர் தமிழர். அத் தமிழருள்ளும் பலர் கயத்தாற்றை வேராகக் கொண்ட குடும்பத்தினர். கரிசலில் வானம் பொய்த்த காலங்களில் பிழைப்புத் தேடி மலையேறியோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். குடியிருந்த வீடு அவர்களுடையதன்று. வீடு நின்ற நிலம் அவர்களுடையதன்று. தலைக்குமேல் நின்ற சரிவும் அவர்களுடையதன்று. அவர்களுக்கென்று இருந்தது உயிர் ஒன்றுதான். மலை அதனை எடுத்துக்கொண்டது.

கரிசற்காட்டானுக்கு மலைச்சரிவில் என்ன வேலை என்னும் வினாவுக்கு விடை இது. இனி, இவ்விடையிலிருந்து எழும் வேறொரு வினாவையே இங்கு ஆராய வேண்டும். சரிவைப் பேணுவதற்கும், அதன் நீரை வடிப்பதற்கும் ஆகும் செலவை யார் ஏற்பது? மேலே நிலம் உடையவனா, கீழே உயிரோடு இருப்பவனா, இரண்டுக்கும் நடுவில் வரிமட்டும் தண்டும் அரசா?

மலை ஏன் சரிகின்றது என்பது எவர்க்கும் விளங்கக்கூடியதே. பாறையின்மேல் மண் படிந்திருக்கும். மண்ணின் நுண்ணிய இடைவெளிகளில் மழைநீர் இறங்கும். அந் நீர் ஒருபக்கம் வடிந்துகொண்டே இருந்தால் கேடில்லை. வடிய வழியின்றித் தேங்கினால், மண்ணின் எடை பெருகும், உள்ளே நீரின் அழுத்தம் மண்துகளை ஒன்றைவிட்டு ஒன்று பிரிக்கும், பிடி தளரும். அதன்பின் சரிவு என்பது பொழுதைப் பொறுத்தது. மலைச்சாலை ஓரத்துக் கற்சுவர்களில் இடையிடையே சிறு துளைகள் விட்டிருப்பதை வழிச்செல்வோர் கண்டிருப்பர். உள்ளே ஊறும் நீர் வெளியேறுவதற்காகக் கொத்தன் விட்ட கண்கள் அவை. அக் கண்ணில் மண் அடைத்துப் புல் முளைத்துவிட்டால், மலையைத் தாங்கக் கட்டிய சுவரே மலையோடு சேர்ந்து கீழிருப்பவன்மேல் விழும். துளையைக் குத்தித் திறக்க ஓர் இருப்புக்கம்பியும் அரைநாட் கூலியும் போதும். அந்த அரைநாட் கூலியை எந்தக் கணக்கில் எழுதுவது என்பது தெரியாமல்தான் பல உயிர்கள் போகின்றன.

மலையே இல்லாத இடத்திலும் இது நடக்கும். மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் 2019 திசம்பர் 2-ஆம் நாள் விடியற்பொழுதில், அடைமழையில் ஊறிய உயர்ந்த கருங்கற் சுற்றுச்சுவர் ஒன்று, ஒடுக்கப்பட்ட மக்களின் ஓட்டு வீடுகள்மேல் சாய்ந்தது. உறங்கியவர் உறங்கியபடியே பதினெழுவர் மாண்டனர். சுவர் ஒருவருடைய உடைமை. சாவு வேறொருவருடைய பங்கு. உடைமையோடு அதனைப் பேணும் கடமையையும் சேர்த்து எழுதாத ஆவணம் எழுதிய நாட்டில் வேறு எது நடக்கும்?

திருவண்ணாமலையை எடுத்துக்கொண்டால் செய்தி இன்னும் அணுக்கமாக வரும். கழுகுமலையைப் போலவே அதுவும் மலையைத் தெய்வமாகக் கொண்ட ஊர். 2024 நவம்பர் 30-இல் கரை கடந்த பெஞ்சல் புயலின் மழை அம் மலையில் இறங்கியது. மறுநாள், திசம்பர் 1-ஆம் நாள், அடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் உருண்டைப் பாறையும் சரிந்து வீட்டை மூடின. எழுவர் இறந்தனர், அவருள் ஐவர் பிள்ளைகள். ஒவ்வோர் உயிருக்கும் 5 இலக்கம் உருபா அரசு கொடுத்தது. கொடுத்தது முறையே. ஆயின், ஏழு உயிருக்காகக் கொடுத்த அந்த முப்பத்தைந்து இலக்கம், மழைக்கு முன்னால் அச் சரிவுக்காக எந்தக் கணக்கிலாவது எழுதப்பட்டிருந்ததா? சாவுக்குப் பணம் ஒதுக்கும் தலைப்பு அரசின் கணக்கேட்டில் உண்டு. அடைப்பெடுக்கும் கூலிக்குத் தலைப்பு தேடவேண்டியிருக்கின்றது.

இனிக் கழுகுமலைக்குத் திரும்பலாம். அதன் பாறை சரியாது என்பது மெய். சரியாத பாறைக்கும் ஒரு பண்பு உண்டு: ஒரு துளி நீரையும் அது உண்பதில்லை. ஓர் ஏக்கர் வெறும்பாறையில் ஒரு செ.மீ. மழை பெய்தால் நாற்பதாயிரம் இலிட்டர் நீர் கீழே இறங்கும். 2023 திசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழையை எவரும் மறந்திருக்க மாட்டார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. கோவிற்பட்டியில் பெய்தது ஏறத்தாழ 50 செ.மீ.; வானம் பார்த்த அப் பகுதி ஓராண்டு முழுவதும் பெறும் மழையின் பெரும்பங்கு அது. அவ்வளவு மழை ஓர் ஏக்கர்ப் பாறையில் விழுந்தால் இருபது இலக்கம் இலிட்டர். பத்தாயிரம் இலிட்டர் கொள்ளும் தண்ணீர்ச் சரக்குந்து இருநூற்றை ஒரே நாளில் ஒருவன் தெருமுனையில் திறந்துவிட்டதற்கு ஒப்பு. ஓர் ஏக்கருக்கே இக் கணக்கு.

அந் நீர் இறங்கும் இடம் கரிசல். கரிசலின் இயல்பைக் கரிசற்காட்டு உழவனுக்கு எடுத்துரைத்தல் கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். எனினும் பொறியியல் படித்துவிட்டு அங்கு வேலைக்கு வருவோர்க்காகச் சொல்லவேண்டியிருக்கின்றது. கோடையில் அது கால் புகும் அளவுக்கு வெடிக்கும். முதல் மழையை வெடிப்பின் வழியாகக் குடிக்கும். குடித்ததும் ஊதிப் பருத்து வெடிப்பை மூடிக்கொள்ளும். அதற்குமேல் பெய்வதெல்லாம் மேலோட்டமே. ஆண்டுதோறும் இப்படி ஊதுவதும் சுருங்குவதுமாய், தன்னுள் புதைத்த வடிகாற் சுவரை அது இருபுறமும் தள்ளிக்கொண்டே இருக்கும். செம்மண்ணில் நெடுநாள் நிற்கும் சிமிட்டி வாய்க்கால் கரிசலில் சில ஆண்டுகளிலேயே வாய்பிளப்பது இதனால்தான். கட்டிவிட்டு மறந்துவிடும் வடிகாலுக்குக் கரிசலில் இடமில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வெடிப்பை அடைத்து, ஓடையின் கரம்பையை அள்ளி, வரத்துக்காலில் முளைத்த சீமை உடையை வேரோடு பறித்து, கலிங்கின் வாயைத் திறந்துவைத்தால்தான் மலைநீர் கண்மாய்க்குப் போகும். கண்மாய் நிறைந்தபின் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். இச் சங்கிலியில் ஒரு கண்ணி அடைபட்டாலும் நீர் தெருவைத் தேடி வரும்; இல்லையேல் கரையை உடைத்துக்கொண்டு காட்டில் பாயும். 2023-இல் மாவட்டமெங்கும் கண்மாய்க் கரைகள் உடைந்தபோது கண்டது இதுவே. அவ்வாறு உடைந்த வெள்ளத்தை அள்ளிக் குடிநீராக்கவும் முடியாது; அடுத்த கோடையில் அதே ஊர் குடத்தோடு வரிசையில் நிற்கும். நீர் மிகுதியால் ஒரு கேடும் நீர் இன்மையால் மற்றொரு கேடும் ஒரே அடைப்பினின்று பிறக்கின்றன என்பதைக் கரிசல் நாடு போல் காட்டும் இடம் வேறில்லை.

வடிகாலுக்கென்று மக்கள் ஒன்றும் கொடுக்கவில்லையா? கொடுக்கின்றனர். சொத்துவரி என்று வழங்கும் உடைமைவரி, வெறும் வீட்டுக்கான தண்டம் அன்று. 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் அவ்வரியைக் கூறுபடுத்தியே விதித்தது: பொதுச்செலவுக்கு ஒரு கூறு, நீருக்கும் வடிகாலுக்கும் ஒரு கூறு, விளக்குக்கு ஒரு கூறு என்று. வெள்ளையன் காலத்துச் சட்டமாயினும் அதனுள் ஒரு நேர்மை இருந்தது; எதற்காகப் பணம் கேட்கின்றேன் என்று சொல்லிக் கேட்டது. அச் சட்டத்தின் இடத்துக்கு 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஓராண்டு முன்னரே, 2022 ஏப்பிரலில், பேரூராட்சிகளிலும் நகராட்சிகளிலும் வீட்டுவரி உயர்த்தப்பட்டது. 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 விழுக்காடு, 1800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 100 விழுக்காடு. உயர்த்தியதைக் குறைகூறுவது இவ்வெழுத்தின் நோக்கமன்று. சிறுவீட்டுக்குக் குறைத்தும் பெருவீட்டுக்குக் கூட்டியும் விதித்தது நயன்மையே. கேள்வி வேறு. உயர்ந்த அந்தப் பணத்தில் எவ்வளவு ஓடைக்குப் போயிற்று? எவ்வளவு சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்கும் போயிற்று? வரிகட்டியவன் கையிலுள்ள பற்றுச்சீட்டைப் புரட்டிப் பார்த்தால் விடை கிடைக்காது. 'அசெசுமென்ட்டு' எண் இருக்கும், அரையாண்டு இருக்கும், தொகை இருக்கும். வரிவிதிப்பு என்று அழகிய தமிழ்ச்சொல் சீட்டிலேயே அச்சாகியிருந்தும் அலுவலகத்தில் 'அசெசுமென்ட்டு' என்றால்தான் எழுத்தர் தலைநிமிர்கின்றார் என்பது வேறு கதை. ஆயினும் முற்றிலும் வேறு கதையன்று. என்ன பெயரில் பணம் தண்டப்படுகின்றது என்பது விளங்காத குடிமகன், அது எங்குச் செலவாயிற்று என்று கேட்கும் துணிவையும் இழக்கின்றான்.

இதனினும் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. வீட்டுக்கு வரி உண்டு, கடைக்கு உண்டு, தீப்பெட்டித் தொழிற்கூடத்துக்கு உண்டு. ஊரிலேயே மிகுதியான நீரை ஊர்மேல் இறக்கும் மலைக்கு வரி இல்லை. அஃது அரசின் புறம்போக்கு. வழிபாட்டிடத்துக்கும் வரி இல்லை என்பது சட்டம். கழுகுமலை முருகன் கோயிலின் கருவறை பாறையைக் குடைந்தது. அம் மலையே அவனுக்குக் கூரை. தன் வீட்டுக் கூரைநீரை அண்டைவீட்டு முற்றத்தில் விடுபவனை ஊர் சும்மா விடுமா? பஞ்சாயத்துக் கூட்டி, "ஓரத்தில் தகரம் அடித்து உன் பக்கம் திருப்பு" என்று தீர்ப்புச் சொல்லும். அரசு தன் மலைநீரை ஊர் முற்றத்தில் விடுகின்றது, கேட்பார் இல்லை. அவ்வளவு நீரையும் வடிக்கும் செலவு ஓட்டுவீட்டுக்காரன் கட்டும் வரிமேல் விழுகின்றது. மலைக்கு உடையவன் மலைக்குரிய பங்கைக் கட்டவேண்டும். அரசு தனக்குத்தானே வரி கட்டுவது யாங்ஙனம் என்று கேட்கலாம். அரசுக் கட்டடங்கள் மின்வாரியத்துக்கு மின்கட்டணம் கட்டவில்லையா? அங்ஙனமே.

இத்தகைய ஏற்பாடு தமிழனுக்குப் புதிதன்று. அமணர் படுக்கைகள் உள்ள தமிழகக் குகைகள் பலவற்றில், வாயிலுக்கு மேலே பாறை நெற்றியில், நீண்ட காடி ஒன்று வெட்டியிருப்பதைக் காணலாம். மழைநீர் பாறைமேல் வழிந்து படுக்கைக்குள் புகாதவாறு அதனை ஓரமாகத் திருப்பிவிடும் நீர்வடி விளிம்பு அது. ஈராயிரம் ஆண்டு ஆகியும் வேலைசெய்கின்றது. துறவிக்கு வெட்டிக்கொடுத்தவன் ஊரான். சில குகைகளில் அவன் பெயரும் தொழிலும் எழுத்தாய் நிற்கின்றன. பிற்காலத்தில் ஏரிகளுக்கென்றே நிலம் ஒதுக்கினர். ஏரிப்பட்டி என்றும் குளப்பட்டி என்றும் கல்வெட்டுகள் குறிக்கும் அந் நிலத்தின் விளைச்சல் அவ் வேரியைத் தூர்வாருவதற்கும் கரை கட்டுவதற்கும் மட்டுமே உரியது. ஏரியின் பெயரில் தண்டிய ஆயம் ஏரிக்கே சென்றது. உத்தரமேரூரில் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள், ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் முறையையும், முன்னர்க் கணக்குக் காட்டாதவர் மீண்டும் நிற்கலாகாது என்னும் தடையையும் கல்லில் பொறித்து வைத்துள்ளன. கணக்குக் காட்டாதவன் நிற்கலாகாது! ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்னர் ஒரு சிற்றூர் எழுதிக்கொண்ட சட்டம் இது. (அந்த வாரியத்தில் நிற்க நிலமும் வேண்டும், மறைநூற் பயிற்சியும் வேண்டும் என்பதையும் அதே கல் சொல்லுகின்றது. உழைத்தவனுக்கு அங்கு இடமில்லை. பழம்பெருமை பேசுங்கால் இதனையும் சேர்த்தே பேசவேண்டும்.)

பின்வந்தது குடிமராமத்து. மராமத்து அரபுச்சொல், செயல் நம் நாட்டது. நீர் பாயும் நிலத்தின் அளவுக்கேற்ப ஆளும் கூலியும் கொடுத்துக் கண்மாயைப் பேணும் வழக்கம் அது. வெள்ளையர் ஆட்சி நிலவரியை முழுதுமாக மேலே உறிஞ்சிக்கொண்டு, பேணும் சுமையை மட்டும் ஊர்மேல் விட்டுவைத்தது. ஊர் தளர்ந்து கைவிட்டபோது 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒன்றை இயற்றிற்று. பணத்தை எடுத்துக்கொண்டபின் சட்டத்தால் மண்வெட்டியைப் பிடிக்கவைக்க முடியுமா? கட்டாயம் யார் முதுகில் இறங்கியிருக்கும் என்பதை விரித்துச் சொல்லவேண்டா. நிலம் உடையவன் நீர் பெற்றான். நிலமில்லாதவன் கூடை சுமந்தான். 2017-இல் தமிழக அரசு குடிமராமத்தை மீண்டும் எடுத்தபோது, செலவில் பத்து விழுக்காட்டை ஆயக்கட்டு உழவர் ஏற்க வேண்டும் என்று வைத்தது. பல கண்மாய்கள் ஆழப்பட்டன, நன்மையே. ஆனால் அஃது ஒருமுறைப் பணி. ஒப்பந்தம் முடிந்தது, பலகை நட்டாயிற்று, படம் பிடித்தாயிற்று. அடுத்த ஆண்டு முளைக்கும் உடைமரத்துக்கு அப் பலகையில் பதில் இல்லை. பேணுகை என்பது ஆண்டுதோறும் வரும் செலவு. ஆண்டுதோறும் வரும் வரவால் மட்டுமே அது நிற்கும்.

வெளிநாட்டார் இதனைச் செய்த வகை அறியத்தக்கது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், இலாசு ஏஞ்சலிசு நகரை அடுத்த கடற்கரைக் குன்றுகளில், 1956 முதல் நிலம் நகர்ந்து வந்தது. 1979-இல் அந் நாட்டார் ஒரு சட்டம் இயற்றினர்: சரிவால் இடருறும் பகுதியின் நிலவுடைமையாளர் தமக்குள் ஒரு வட்டம் அமைத்துக்கொள்ளலாம், தம் உடைமைக்கேற்ப ஒரு தொகை விதித்துக்கொள்ளலாம், அது வீட்டுவரியோடு சேர்த்துத் தண்டப்படும், சரிவைத் தடுக்கவன்றி வேறொன்றுக்கும் செலவாகாது. அபலோன் கோவ் என்னும் இடத்தில் 1981-இல் முதல் வட்டம் அமைந்தது. நிலத்தடியில் கிணறுகள் தோண்டி நீரை இறைத்து வெளியேற்றினர். பல ஆண்டுகளுக்கு நகர்ச்சி மட்டுப்பட்டது. 2023, 2024-ஆம் ஆண்டுகளின் பெருமழைக்குப் பின்னரோ நிலம் முன்னினும் விரைந்து நகரத் தொடங்கி, வீடுகள் பிளந்து, மின்சாரமும் எரிவளியும் துண்டிக்கப்பட்டன. சிறு வட்டத்தின் சிறு தண்டல் பெருமழைக்குப் போதவில்லை; பேரரசின் கை அதனோடு சேரவேண்டியிருந்தது. செல்வர் நாட்டிலேயே இதுதான் நிலை எனின், ஊரார் தண்டலால் மட்டும் மலையைத் தாங்கலாம் என்று எவரும் நம்பவேண்டா. ஊரார் கொடுப்பது பேணுகைக்கு, பெருவேலை அரசுடையது.

ஆங்காங்கில் 1972 சூன் 18-ஆம் நாள் ஒரே நாளில் இரண்டு சரிவுகளில் 138 பேர் மாண்டனர். 1976-இல் மீண்டும் சரிந்தது. 1977-இல் சரிவுகளுக்கென்றே ஓர் அலுவலகம் அமைத்தனர். இன்று அந் நகரில் பதிவான சரிவுகள் ஏறத்தாழ அறுபதாயிரம். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. எண் எழுதிய தகடு சரிவிலேயே பதித்திருக்கும். எந்தச் சரிவைப் பேணுவது யார் கடமை என்பது பதிவேட்டில் நிற்கும். நிலவுடைமையாளர்க்குரிய சரிவாயின் அவரே பேணவேண்டும். பேணாவிடின் அரசு ஆணையிடும். தமிழகத்தில் மின்கம்பத்துக்கு எண் உண்டு, குடும்ப அட்டைக்கு எண் உண்டு. ஊர்மேல் தொங்கும் சரிவுக்கு எண் இல்லை.

ஈழத்து மலையகத்திலோ எச்சரிக்கை இருந்தது. பதுளை மாவட்டம் கொசுலாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 அத்தோபர் 29-ஆம் நாள் காலை, மலை சரிந்து தமிழ்த் தொழிலாளரின் இலய வீடுகளை விழுங்கிற்று. அவ்விடம் இடர்மிக்கது, மக்கள் நீங்கவேண்டும் என்று 2005-இலும் 2011-இலும் அறிவுறுத்தல் விடப்பட்டிருந்தது. நீங்கி எங்கே போவது? தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தும் அவர்க்கு ஒருபிடி நிலம் தம்முடையதாக இல்லை. உடைமைக்கேற்ப வரி, வரிக்கேற்பப் பேச்சுரிமை என்று கலிபோர்னியாவைப் போல் எழுதிவிட்டால், மீரியபெத்தையிலும் பெட்டிமுடியிலும் மாண்டவர்க்கு அவ் வவையில் இருக்கை இல்லை. அச் சட்டத்தை அப்படியே மொழிபெயர்த்துக் கொண்டுவருவோர் இவ்விடத்தில் நின்று எண்ணவேண்டும். உடைமை உள்ளவன் கொடுக்கட்டும். பேச்சுரிமையோ சரிவின் கீழும் ஓடையின் ஓரமும் குடியிருக்கும் அனைவர்க்கும் உரியது. குடிக்கூலிக்கு இருப்பவனுக்கும், புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவனுக்கும். வெள்ளம் ஆவணம் கேட்டுவிட்டு வீட்டுக்குள் நுழைவதில்லை.

இவ்வளவையும் கழுகுமலைப் பேரூராட்சியின் அளவுக்குச் சுருக்கினால் வருவது எளிய ஏற்பாடே. மலையடியிலிருந்து கண்மாய்வரை நீர் இறங்கும் ஒவ்வொரு வழியையும் அளந்து, எண்ணிட்டு, வரைபடத்தில் ஏற்றவேண்டும். வடிகாற் கூற்றை வீட்டின் மதிப்புக்கேற்ப விதிப்பதைவிட, கூரையும் தளமுமாய் மூடிய பரப்புக்கேற்ப விதிப்பது நேர்மை. செருமானிய நகரங்கள் பலவற்றில் மழைநீர்க் கட்டணம் அவ்வாறே பெறப்படுகின்றது. முற்றத்தை மண்ணாகவே விட்டுவைத்து வேம்பு வளர்ப்பவன் குறைவாகக் கட்டுவான். மனை முழுதும் சிமிட்டி பூசி நீரைத் தெருவுக்குத் தள்ளுபவன் மிகுதியாகக் கட்டுவான். ஓலைக்கும் சிற்றோட்டு வீட்டுக்கும் அக் கூறு வேண்டா. மலையின் பரப்புக்குரிய பங்கை அரசு கட்டவேண்டும். கோயிலுக்குச் சட்டம் விலக்கு அளித்திருக்கலாம். ஆனால் தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் வரும் மக்கள் வெள்ளம் நடக்கும் தெரு, மழைவெள்ளம் நடக்கும் அதே தெரு. உண்டியலிலிருந்து ஒரு பங்கை முருகன் மறுக்கமாட்டான். மறுத்தால் மறுப்பவர் அவனுக்குக் கணக்கெழுதுவோராகத்தான் இருப்பர்.

தண்டிய பணம் தனிப்பேழையில் கிடக்கவேண்டும். பொதுக்கணக்கில் விழுந்த காசு கடலில் விழுந்த மழை. "இன்னொரு வரியா?" என்று முகம் சுளிப்போர் உளர். இவ்வச்சம் மக்களின் கருமித்தனத்தால் வந்ததன்று. கொடுத்த பணம் கண்ணுக்குத் தெரியாமற்போன பட்டறிவால் வந்தது. ஆகவே புதுவரிக்கு முன்னால் பழைய வரியின் கணக்கு வரட்டும். சென்ற மூன்றாண்டில் உடைமைவரியாக வந்தது எவ்வளவு, ஓடைக்கும் வடிகாலுக்கும் போனது எவ்வளவு என்னும் இரண்டே எண்களைப் பேரூராட்சி அலுவலகச் சுவரில், தெருவில் நிற்பவன் படிக்குமாறு, நல்ல தமிழில் எழுதிவைக்கட்டும். அவ் விரண்டு எண்களைப் பார்த்தபின் மக்கள் கொடுக்கமாட்டார் என்று எவரும் முன்கூட்டி முடிவுகட்ட வேண்டா. குலக்கோயில் கொடைக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, ஒரு காசும் நிலுவையின்றித் தண்டி, மறுநாளே கணக்குப் படிக்கும் சிற்றூர்கள் கரிசலெங்கும் உள்ளன.

ஆவணியும் புரட்டாசியும் தூர்வாருவதற்குரிய திங்கள்கள். ஐப்பசியில் வடகீழ்மழை இறங்கிவிடும். அதன்பின் ஓடைக்குள் இறங்கும் மண்வெட்டி சேற்றைத்தான் கலக்கும். அரசாணை வந்து, அலுவலர் வந்து, ஒப்பந்தம் கோரி, விலைப்புள்ளி திறந்து வேலை தொடங்குவது பெரும்பாலும் கார்த்திகையில். அதற்குள் கண்மாய் நிறைந்திருக்கும், அல்லது உடைந்திருக்கும். ஊரின் பேழையில் ஊரின் பணம் ஆடியிலேயே இருந்தால், ஆவணி முதல்நாள் ஆளிறக்க எந்த ஒப்புதலுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.